பலாக்காயா? பலாப்பழமா? எதில் சத்து அதிகம்? சுகர் இருப்பவர்கள் எதைச் சாப்பிடலாம்? முழு விவரம்!

கடலூரில் இருந்து விருத்தாசலம் போகும் ரோட்டில், சீசன் நேரத்தில் குள்ளஞ்சாவடி பக்கம் வந்தாலே பலா வாசனை பஸ்ஸுக்குள் ஏறிவிடும். பேர் என்னவோ பண்ருட்டிக்குத்தான் போனது. ஆனா பண்ருட்டி பலா என்று ஊரெல்லாம் விற்கும் பழம், பண்ருட்டி நகரத்துக்குள் மட்டும் விளைவதில்லை. குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி என்று நீளும் இந்தச் செம்மண் பகுதி முழுக்க முந்திரியும் பலாவும்தான்.

இந்தப் பக்கம் ஒரு வசதி உண்டு. ஒரே மரத்தில் இருந்து காய்கறியும் வாங்கலாம், பழமும் வாங்கலாம். பொரியலுக்கும் குழம்புக்கும் பலாக்காய். அப்படியே சாப்பிட பலாப்பழம். அங்கேதான் கேள்வியும் வருகிறது. சத்து எதில் அதிகம்? வீட்டில் ஒருத்தருக்கு சுகர் இருந்தால் எதை வாங்கிட்டுப் போறது?

கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனா ஐசிஎம்ஆர் ஆதரவில் நடந்த இன்டியாப் ஆய்வின் 2023 முடிவுகளின்படி, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய் இருக்கிறது. கிட்டத்தட்ட ஏழு பேரில் ஒருவர். அதனால் 'பலாக்காய் சாப்பிட்டால் சுகர் இறங்கும்', 'பலாப்பழம் சுகர்காரங்களுக்கு விஷம்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் ரெண்டு வரிகளையும் நம்பி மாத்திரையை மாற்றுபவர்களும் இருக்கிறார்கள், ஒரு சுளைகூடத் தொடாமல் ஏங்குபவர்களும் இருக்கிறார்கள்.

ரெண்டுமே பாதி உண்மை. மீதிப் பாதி என்ன என்று பார்ப்போம்.

எந்தப் பலாக்காய்? முதலில் இதைச் சொல்லுங்க!

பலாக்காய் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் ரெண்டு வேறு பொருட்கள். குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒன்று, பிஞ்சு. சில ஊர்களில் பலா மூசு என்பார்கள். உள்ளே சுளையும் கொட்டையும் தனித்தனியாகப் பிரிந்திருக்காது. முள்தோலைச் சீவிவிட்டு மொத்தமாக நறுக்கி வேகவைத்துவிடலாம். பொரியல், கூட்டு, குருமா, பிரியாணிக்கு எல்லாம் இதுதான் போகும்.

இன்னொன்று, முற்றிய காய். உருவத்தில் முழுப் பழம் அளவு இருக்கும். வெட்டினால் சுளை தனியாக, கொட்டை தனியாக வந்துவிடும். ஆனா சுளை வெள்ளையாக, இனிப்பே இல்லாமல், கடித்தால் நறுக்கென்று இருக்கும். சிப்ஸ் போடுவது இதில்தான்.

சிங்களத்தில் இதற்குத் தனித்தனிப் பேரே உண்டு. பிஞ்சுக்குப் பொலோஸ், முற்றிய காய்க்குக் கொஸ், பழத்துக்கு வரக்க. மலையாளத்தில் பிஞ்சை இடிச்சக்க என்று பிரித்துச் சொல்வார்கள். முற்றிய காயை வேகவைத்து, தேங்காய் சேர்த்துச் சோற்றுக்குப் பதிலாகவே சாப்பிடுவது கேரளாவிலும் இலங்கையிலும் பழைய வழக்கம். இலங்கையில் அரிசி கிடைக்காத காலங்களில் பசியைத் தணித்த மரம் என்ற மரியாதை பலாவுக்கு இன்றும் இருக்கிறது.

சோற்றுக்குப் பதிலாக நிற்கிறது என்றால் என்ன அர்த்தம்? அதில் மாவுச்சத்து நிறைய இருக்கிறது என்றுதானே! பிஞ்சு அப்படி இல்லை. அது கத்தரிக்காய், சுரைக்காய் மாதிரி காய்கறிக் கூட்டம். முற்றிய காய் மரவள்ளிக்கிழங்கு, உருளைக்கிழங்கு கூட்டம். பழம் மூன்றாவது ரகம். அதாவது பலா ஒன்று, கணக்கு மூன்று.

மரத்தில் நடப்பது இதுதான். காய் வளர வளர சுளைக்குள் மாவுச்சத்து சேர்ந்துகொண்டே போகும். பழுக்க ஆரம்பித்ததும் நொதிகள் அந்த மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக மாற்றிவிடும். மரத்தில் இருந்து பறித்த பிறகும் இந்த வேலை நிற்காது. முற்றிய காயை வாங்கி வீட்டு மூலையில் வைத்தால் சில நாட்களில் பழமாகிவிடுவது இதனால்தான். சுகருக்கு நல்லது என்று வாங்கிய காயை நாலு நாள் மறந்துவிட்டால், வெட்டும்போது கிடைப்பது வேறு சாப்பாடு.

சரி, கணக்குக்கு வருவோம்

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், இந்திய உணவுகளில் எதில் என்ன சத்து என்று அளந்து புத்தகமாகவே போட்டிருக்கிறது. கோபாலன் உள்ளிட்டோர் தொகுத்த அந்தப் பழைய அட்டவணைதான் பல வருடங்களாக டயட்டீஷியன்கள் கையில் இருப்பது. அதில் பலாப்பிஞ்சு, பலாப்பழம், பலாக்கொட்டை மூன்றுக்கும் தனித்தனி வரிகள் இருக்கின்றன. எல்லாம் 100 கிராமுக்கான கணக்கு.

பலாப்பிஞ்சு: 51 கலோரி, மாவுச்சத்து 9.4 கிராம், புரதம் 2.6 கிராம், கால்சியம் 30 மில்லிகிராம், இரும்பு 1.7 மில்லிகிராம்.

பலாப்பழம்: 88 கலோரி, மாவுச்சத்து 19.8 கிராம், புரதம் 1.9 கிராம், கால்சியம் 20 மில்லிகிராம், இரும்பு 0.56 மில்லிகிராம்.

பலாக்கொட்டை: 133 கலோரி, மாவுச்சத்து 25.8 கிராம், புரதம் 6.6 கிராம், கால்சியம் 50 மில்லிகிராம், இரும்பு 1.5 மில்லிகிராம்.

இங்கே மாவுச்சத்து என்ற வரியில் சர்க்கரையும் சேர்ந்தேதான் வரும். பழத்தில் அந்த 19.8 கிராமில் பெரும்பகுதி சர்க்கரைதான். அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணையில் பலாப்பழத்துக்கு 95 கலோரி, அதில் சர்க்கரை மட்டும் 19 கிராம் என்று இருக்கிறது. நம்ம அட்டவணைக்கும் அதற்கும் கொஞ்சம் வித்தியாசம் வருவது சகஜம். ரகம், மண், எவ்வளவு கனிந்தது என்பதைப் பொறுத்து மாறும்.

நார்ச்சத்து பற்றி ஒரு வார்த்தை. பழைய அட்டவணையில் பிஞ்சில் 2.8 கிராம், பழத்தில் 1.1 கிராம் என்று இருக்கும். அது அந்தக் காலத்து அளவு முறை. அமிலத்திலும் காரத்திலும் கொதிக்கவைத்து மிஞ்சியதை மட்டும் நார் என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் உண்மையான நார்ச்சத்தைவிடக் குறைவாகத்தான் காட்டும். இதே நிறுவனம் 2017-ல் 528 உணவுகளைப் புது முறையில் அளந்து புதிய அட்டவணை வெளியிட்டது. ஆக, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்து 'நார்ச்சத்து கூடிடுச்சு' என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. மாறியது அளக்கும் முறை. எந்த முறையில் பார்த்தாலும் பழத்தைவிடப் பிஞ்சில்தான் நார் அதிகம்.

கவனித்தீர்களா? முற்றிய காய்க்கு என்று அந்தப் பழைய புத்தகத்தில் தனி வரியை நான் மேலே கொடுக்கவில்லை. இணையத்தில் 'பலாக்காயில் வெறும் 51 கலோரி' என்று போடுபவர்கள் எல்லாம் பிஞ்சின் எண்ணை எடுத்து முற்றிய காய்க்கும் ஒட்டிவிடுகிறார்கள். அது தப்பு. முற்றிய காயின் சுளையை ஒரு தட்டு நிறைய வேகவைத்துச் சாப்பிட்டால், அது சோறு சாப்பிட்ட மாதிரிதான் கணக்கு.

அப்போ சுகர்காரங்க பழம் தொடவே கூடாதா?

கொட்டை எடுத்த நடுத்தரச் சுளை ஒன்று சுமார் 25 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு சுளை சேர்ந்தால் 100 கிராம். அதில் சர்க்கரை 19 கிராம். டீக்குப் போடும் ஸ்பூனில் நாலு ஸ்பூனுக்கு மேல். பண்ருட்டிப் பக்கத்துப் பெரிய சுளை என்றால் மூன்றிலேயே இந்தக் கணக்கு வந்துவிடும்.

'பழத்துல இருக்கறது இயற்கைச் சர்க்கரை, ஒண்ணும் பண்ணாது' என்பது பலரும் சொல்லும் சமாதானம். ரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பழத்தில் நாரும் தண்ணீரும் சேர்ந்து வருவதால் வெறும் சீனியைவிடக் கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.

அதே நேரம் விஷம் என்பதும் மிகை. 100 கிராம் வெந்த சோற்றில் மாவுச்சத்து 28 கிராம் வரை இருக்கிறது. நாம் மதியம் சாப்பிடுவது 100 கிராமோடு நிற்பதில்லை. முந்நூறு, நானூறு கிராம் சோறு சாப்பிட்டுவிட்டு, 'நான் பழமே தொடறதில்லை' என்று சொல்வதில் பெரிய லாபம் இல்லை. பிரச்சினை எங்கே வருகிறது என்றால், அந்தச் சோற்றுக்கு மேலே எட்டுப் பத்து சுளை போகும்போது. அதையும் தேனில் தொட்டுச் சாப்பிட்டால் கேட்கவே வேண்டாம்.

சுகர் கட்டுப்பாட்டில் இருப்பவர் ரெண்டு சுளை சாப்பிட விரும்பினால், சாப்பாடு முடிந்த கையோடு சாப்பிடாமல், ரெண்டு வேளைக்கு நடுவில் வைத்துக்கொள்ளலாம். அல்லது அந்த வேளைச் சோற்றைக் குறைத்துக்கொள்ளலாம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், சாப்பிட்ட ரெண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை பார்த்துவிடுங்க. உங்கள் உடம்புக்கு ரெண்டு சுளை என்ன செய்கிறது என்பதை எந்தக் கட்டுரையையும்விட அது சரியாகச் சொல்லும். சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், கர்ப்ப காலத்தில் சுகர் வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம்.

'பலாக்காய் மாவு சுகரைக் குறைக்கும்' - இதில் எவ்வளவு உண்மை?

இதற்கு ஒரு நிஜமான ஆய்வு இருக்கிறது. வாட்ஸ்அப் பேச்சு மட்டும் இல்லை.

ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் அரசு மருத்துவக் கல்லூரியில் டைப் 2 சர்க்கரை நோயாளிகள் 40 பேரை வைத்து நடந்தது. ஒரு பிரிவினருக்குத் தினமும் 30 கிராம் பச்சைப் பலாக்காய் மாவு. இன்னொரு பிரிவினருக்கு அதே மாதிரி தெரியும் வேறு மாவு. யாருக்கு எது என்று நோயாளிகளுக்கும் தெரியாது, ஆய்வு செய்தவர்களுக்கும் தெரியாது. 12 வாரம் கழித்துப் பார்த்தபோது, பலாக்காய் மாவு சாப்பிட்டவர்களின் மூன்று மாதச் சராசரி சுகர் அளவு, அதாவது எச்பிஏ1சி, சுமார் 0.25 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. மற்றவர்களுக்குக் குறையவில்லை. 2021-ல் 'நியூட்ரிஷன் அண்ட் டயாபடிஸ்' என்ற இதழில் இது வெளியானது.

நல்ல செய்திதான். ஆனா கூடவே மூன்று விஷயத்தையும் சொல்லியாக வேண்டும்.

40 பேர் என்பது மிகச் சின்ன எண்ணிக்கை. 12 வாரம் என்பது குறைந்த காலம். அடுத்தது, அவர்கள் அந்த மாவைச் சாப்பாட்டுக்கு மேலே கூடுதலாகச் சாப்பிடவில்லை. அரிசி மாவையோ கோதுமை மாவையோ அதே அளவு குறைத்துவிட்டு, அந்த இடத்தில் இதைச் சேர்த்தார்கள். இதைத்தான் விளம்பரங்களில் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறார்கள். எப்போதும் போல நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, அதோடு ஒரு ஸ்பூன் பலா மாவைக் கரைத்துக் குடித்தால் என்ன ஆகும் என்று அந்த ஆய்வு பார்க்கவே இல்லை. மூன்றாவது, ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஜோசப், ஜாக்ஃப்ரூட்365 என்ற பெயரில் அந்த மாவை விற்கும் நிறுவனத்தைத் தொடங்கியவர். அதனால் ஆய்வு பொய் என்று ஆகிவிடாது. ஆனா வியாபாரத் தொடர்பு இல்லாத பெரிய ஆய்வுகள் வரும்வரை கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது.

இன்னொன்றும் உண்டு. அந்த ஆய்வில் இருந்தவர்கள் தங்கள் மாத்திரைகளை நிறுத்திவிட்டு மாவு சாப்பிடவில்லை. மாத்திரையோடுதான் சாப்பிட்டார்கள்.

வெஜ் மட்டன் என்று சொல்கிறார்களே, புரதம் இருக்கா?

பலாப்பிஞ்சு பிரியாணியை நாக்கு மட்டன் என்று நம்பிவிடும். நார் நாராகப் பிரிவது, மசாலாவை உறிஞ்சுவது எல்லாமே கறி மாதிரிதான். புரதத்தில் அந்தக் கதை எடுபடாது. 100 கிராம் ஆட்டுக்கறியில் புரதம் 18 கிராமுக்கு மேல். பலாப்பிஞ்சில் 2.6. ஏழில் ஒரு பங்குதான்.

அசைவத்தை விட்டுவிட்டுப் பலாப்பிஞ்சுக்கு மாறியவர்கள், புரதத்துக்குப் பருப்பு, சுண்டல், முட்டை, பால் என்று வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும். பிஞ்சுக்கு எண்ணெய் உறிஞ்சும் குணம் அதிகம் என்பதும் நினைவில் இருக்கட்டும். 51 கலோரி என்பது பச்சைப் பிஞ்சின் கணக்கு. அதை எண்ணெயில் பொரித்தெடுத்தால் அந்த எண் செல்லாது. முற்றிய காய் சிப்ஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மாவும் எண்ணெயும் உப்பும் ஒன்றாகச் சேர்ந்த பொருள் அது.

பலாவில் புரதம் வேண்டும் என்றால் போக வேண்டிய இடம் கொட்டை. 6.6 கிராம். பழத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கொட்டையைக் குப்பையில் போடும் நகரத்து வழக்கம்தான் எனக்குப் புரியாத ஒன்று. நம்ம பக்கத்து வீடுகளில் அதை மண்ணிலோ சாம்பலிலோ புரட்டிக் காயவைத்து எடுத்து வைப்பார்கள். முருங்கைக்காயோடு சேர்த்துக் குழம்பு வைக்கலாம், கருவாட்டோடு போடலாம், சுட்டும் தின்னலாம். பச்சையாக மட்டும் சாப்பிடக் கூடாது. புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருட்கள் அதில் இருக்கின்றன. வேகவைத்தால், சுட்டால் அவை பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியும் அளவு மீறினால் வாயுத் தொல்லை நிச்சயம். சுகர் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, கொட்டையில் மாவுச்சத்தும் 25.8 கிராம். கிட்டத்தட்டச் சோற்றுக்குச் சமம்.

அப்படின்னா பழம் எதிலுமே ஜெயிக்கலையா?

ஜெயிக்கிறது. பழத்தை நாம் வேகவைப்பதில்லை. அதனால் அதில் இருக்கும் வைட்டமின் சி அப்படியே உடம்புக்குள் போகும். பிஞ்சை வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் வைட்டமின் சி-யும் கொஞ்சம் தாது உப்பும் அதோடு போய்விடும். பழத்தின் மஞ்சள் நிறத்துக்குக் காரணமான கரோட்டின் பிஞ்சில் பேருக்குக்கூடத் தெரியாது. வைட்டமின் பி6, மெக்னீசியம் இரண்டும் பழத்தில் உருப்படியான அளவில் இருக்கின்றன. விளையாடிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு, வெயிலில் வேலை செய்துவிட்டு வருபவர்களுக்கு உடனே தெம்பு கொடுப்பதும் பழம்தான். அந்தச் சர்க்கரை அவர்களுக்குத் தேவைப்படும் சர்க்கரை.

ஆனா 'வைட்டமின் சி குவிந்து கிடக்கும் பழம்' என்று எழுதுவது எல்லாம் ஓவர். நம்ம பழைய அட்டவணையில் 100 கிராம் பலாப்பழத்தில் வைட்டமின் சி 7 மில்லிகிராம். அமெரிக்க அட்டவணையில் சுமார் 14. கொய்யாவில் 200-க்கு மேல். கரோட்டினும் அப்படியே. பலாப்பழத்தில் 175 மைக்ரோகிராம், பழுத்த மாம்பழத்தில் 2,700-க்கு மேல். முக்கனியில் மூன்றும் ஒன்றாக உட்கார்ந்திருக்கலாம். கண்ணுக்கு நல்லது என்று தேடினால் மாம்பழத்துக்குத்தான் ஓட்டு.

கிட்னி பிரச்சினை உள்ளவர்கள் இதைப் படிக்காமல் போகாதீங்க

சுகரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். பொட்டாசியத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஆபத்து என்று பார்த்தால் இதுதான் பெரியது.

100 கிராம் பலாப்பழத்தில் பொட்டாசியம் 448 மில்லிகிராம். வாழைப்பழத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். நல்ல கிட்னி உள்ளவர்களுக்கு இது நன்மை. ரத்த அழுத்தத்துக்கு உதவும். ஆனா கிட்னி பழுதடைந்தவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு, கூடுதல் பொட்டாசியத்தை வெளியேற்ற உடம்பால் முடியாது. அது ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைப்பவை. இவர்களுக்கு 'ரெண்டு சுளைதானே' என்ற பேச்சே கிடையாது. டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான்.

பிஞ்சிலும் பொட்டாசியம் உண்டு. காய்கறிகளை நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொல்வார்கள் கிட்னி டாக்டர்கள். பொட்டாசியத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். இந்த வழி காய்க்கு உண்டு, பழத்துக்கு இல்லை. நீண்ட நாள் சுகர் உள்ளவர்களில் பலருக்குக் கிட்னியும் பாதிக்கப்பட்டிருக்கும் என்பதால், 'சுகருக்கு நல்லது' என்று பலா மாவு வாங்குபவர்களும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது அவசியம்.

ரப்பர் கையுறை, பலூன் பட்டால் தடிப்பு வருபவர்கள் சிலருக்குப் பலாவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். சாப்பிட்டதும் வாய், தொண்டை அரித்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும்.

மரம் வைத்திருப்பவர்களுக்கு எது லாபம்?

இது சத்துக் கணக்கு இல்லைதான். ஆனா குள்ளஞ்சாவடி பக்கம் வந்துவிட்டு இதைப் பேசாமல் போக முடியாது.

2011 டிசம்பர் 30 அதிகாலை. தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. அன்று விழுந்தது வெறும் மரங்கள் இல்லை. தாத்தா வைத்த பலாக்கள், தலைமுறையாகக் குடும்பத்துக்குச் சோறு போட்ட முந்திரித் தோப்புகள். கொட்டை போட்டு முளைத்த பலா காய்ப்புக்கு வர ஏழெட்டு வருடம் ஆகும். ஒட்டுக்கன்று என்றால் அஞ்சு வருடத்தில் காய்க்கும். பண்ருட்டி பக்கத்தில் பாலூரில் இருக்கும் காய்கறி ஆராய்ச்சி நிலையம், பணிக்கன்குப்பத்து மரம் ஒன்றில் இருந்து தேர்ந்தெடுத்து 1992-ல் பாலூர் 1 என்ற ரகத்தை வெளியிட்டது. 2007-ல் பாலூர் 2 வந்தது. பேரைப் பாருங்க, காய்கறி ஆராய்ச்சி நிலையம். அங்கே இருந்துதான் பலா ரகம் வந்திருக்கிறது!

விவசாயிக்குப் பழத்தில் இருக்கும் தலைவலி நேரம். பழுக்க ஆரம்பித்துவிட்டால் சில நாட்களுக்குள் விற்றாக வேண்டும். சீசன் உச்சத்தில் எல்லார் தோப்பிலும் ஒரே சமயம் பழுக்கும், விலை இறங்கும். பிஞ்சு அப்படி இல்லை. சீசன் ஆரம்பத்திலேயே விற்கலாம். ஒரே இடத்தில் கொத்தாகக் காய்த்திருந்தால் சிலதைப் பிஞ்சிலேயே பறித்துவிடுவதால் மிச்சம் இருப்பவை நன்றாகப் பருக்கும். நகரத்தில் பிஞ்சை வாங்குபவர்கள் கூடினால், இந்த வட்டாரத்துக்கு அது நேரடியாகப் பணம்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

பிஞ்சு என்றால் முள் நெருக்கமாக, பச்சையாக, கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும். நறுக்கிப் பார்க்க முடிந்தால் கொட்டை உருவாகாததாக எடுங்க. கொட்டை கெட்டியாகிவிட்டது என்றால் அது பிஞ்சுக் கணக்கில் இருந்து தாண்டிவிட்டது. கத்தியிலும் கையிலும் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொண்டு வெட்டினால் பால் ஒட்டாது. நறுக்கியதை உடனே மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. சுகர் இருப்பவர்கள் வீட்டில் பிஞ்சுப் பொரியலைத் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு வைக்காமல், தட்டில் பாதியை அதற்குக் கொடுத்துச் சோற்றைக் குறைத்தால்தான் அந்த 9.4 கிராமின் பலன் கிடைக்கும்.

பழம் என்றால் வாசனைதான் சாட்சி. முள் விரிந்து, விரலால் தட்டினால் மந்தமான சத்தம் வரும். வெளியே நல்ல மஞ்சளாக இருந்தும் வாசனையே இல்லை என்றால் யோசித்து வாங்குங்க. கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைப்பதற்கு இந்தியாவில் தடை இருக்கிறது. ரோட்டோரத்தில் சுளையாக வாங்கினால் மூடி வைத்த சுளையாகப் பார்த்து வாங்குவது நல்லது. மீந்தால் கொட்டை எடுத்து டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைக்கலாம்.

ரொம்பக் கனிந்து, லேசாகப் புளித்த வாடை வரும் பழத்தைச் சாப்பிட்டுவிட்டு வண்டி எடுப்பவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் தகவல். 2025 ஜூலையில் கேரளாவின் பந்தளம் அரசு பஸ் டெப்போவில், குடிக்காத டிரைவர்களை மூச்சுப் பரிசோதனைக் கருவி குடித்தவர்கள் என்று காட்டிவிட்டது. விசாரித்தால் காலையில் அவர்கள் சாப்பிட்டது பலாப்பழம். பழத்தின் சர்க்கரை புளித்தால் கொஞ்சம் ஆல்கஹால் உண்டாகும். வாயில் மிச்சம் இருந்த அதைத்தான் கருவி பிடித்திருக்கிறது. சாப்பிட்டதும் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டுக் கிளம்புங்க.